காது குத்தும்போது அழாத மகள்

போன வருடம் தைப்பூசம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயிலில் என் இரட்டைப் பிள்ளைகளுக்குக் காது குத்தினோம். ஒரு மகன், ஒரு மகள். மொட்டையையும் காதுகுத்தையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று தள்ளிப்போட்டே மூன்று வயது நெருங்கிவிட்டது.

முதலில் மகன். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, ஊசியைக் கண்டதுமே கோயில் இடிந்து விழுகிற மாதிரி கத்தினான். அடுத்து மகள். ஒரு காது ஆயிற்று, சத்தமே இல்லை. மறு காதும் ஆயிற்று. கண்ணீர்கூட வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பொம்பளப் பிள்ளைன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று மாமியார் பூரித்துப்போனார்.

பிள்ளையை மடியில் வைத்திருந்த என் அண்ணன், "கேர்ள்ஸுக்கு மூளை சீக்கிரம் வளர்ந்திடும் லா, போன்ல வீடியோ பாத்தேன்" என்றார்.

எனக்கும் பெருமைதான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசக் குனிந்தேன். அவள் கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உதடு மட்டும் எதையோ சப்புவதுபோல அசைந்தது. கூப்பிட்டேன், உலுக்கினேன். ம்ஹூம். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைச் சிமிட்டியவள், அப்போதுதான் காதைத் தொட்டு வீறிட்டாள்.

"வெயில்தான், படுக்கப் போட்டா சரியாயிடும்" என்றார்கள்.

"முதல்ல காடிய எடுங்க!" என்று கணவரிடம் கத்தினேன்.

செம்பனை மரங்களுக்கு நடுவே கார் எவ்வளவு ஓடியும் அந்தப் பாதை முடிவதாகவே இல்லை. மடியில் தூங்கிவிட்டவளின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே போனேன்.

மருத்துவமனையில் தலை முழுக்க ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். வலிப்பாம். கை கால் இழுக்காத வலிப்பு. இதற்கு முன் இப்படி வெறித்துப் பார்த்தாளா என்று டாக்டரம்மா கேட்டார். பார்த்திருக்கிறாள். சோற்றை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். தங்கமான பிள்ளை என்று தோட்டத்து லயத்து வீடுகளே மெச்சும். பெண் பிள்ளைக்கு மூளை வேகமாக வளருமாமே என்று அழுதுகொண்டே உளறினேன்.

"வளர்ற மூளை செல்லுல ஆணுக்கும் பெண்ணுக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கலாம்மா. ஆனா ஊசி குத்தினா ரெண்டு பேருக்கும் வலிக்கணும்" என்றார்.

மருந்து கொடுத்து வருகிறோம், குறைந்திருக்கிறது. ஆனாலும் அவளை யாராவது அடக்கமான பிள்ளை என்று புகழ்ந்தால் இன்றும் அவளிடம் ஓடுகிறேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவள் திரும்பிப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுகிறேன்.