ஆறு கணினிக்கு ஒரே அட்ரஸ்

ரப்பர் எஸ்டேட் வட்டார அலுவலகத்தில், கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் எனக்குச் சோதனைக்காலம் நடந்துகொண்டிருந்தது. வேலை நிரந்தரமானால் ஸ்டாஃப் வீடு கிடைக்கும். அம்மா ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால், எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயத்து வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. ஆக, அம்மா எங்கே படுப்பார் என்பது என் கையில் இருந்தது. அந்தக் கையின் லட்சணம் எனக்குத்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. தலைமை அலுவலகம் கழித்துப்போட்ட ஆறு யூனிக்ஸ் கணினிகள் லாரியில் எங்கள் ரந்தா அலுவலகத்துக்கு வந்து இறங்கின. ஒன்றைத் தயார் செய்து, அதன் டிஸ்க்கை மற்ற ஐந்துக்கும் அப்படியே நகலெடுத்தேன். ஒவ்வொன்றிலும் பெயரையும் ஐபி எண்ணையும் மாற்றினேன். ஆனால் ஸ்டோரில் கிடந்த காலத்தில் உள்ளிருந்த சின்ன பேட்டரிகள் செத்துப்போய், ஐந்தும் தங்கள் நெட்வொர்க் வன்பொருள் அட்ரஸை மறந்திருந்தன. முதல் கணினியின் அட்ரஸையே எல்லாவற்றுக்கும் தட்டிவிட்டேன்.

சிரிக்காதீர்கள். நான் எஸ்டேட்டில் பிறந்தவன். எங்கள் லயங்களில் எத்தனை குடும்பம் இருந்தாலும் அட்ரஸ் ஒன்றுதான், எஸ்டேட் ஆபீஸ். கடிதங்கள் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியின் மேசைக்கு வரும், அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். பேர் வேறாக இருந்தால் போதாதா?

போதவில்லை. ஒரு கணினி தனியாக ஓடும், இரண்டாவதைத் திறந்தால் முதலாவது உறைந்துவிடும். மூன்று நாள் கேபிள் கேபிளாக மாற்றினேன். மேனேஜர் வாசலில் நின்று பார்ப்பார், கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கடைசியில், கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் இந்தக் கணினிகளை முன்பு பார்த்துக்கொண்ட அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அட்ரஸ் வேற வேறதானே போட்டீங்க?"

"ஒரே ஆபீஸ்தானேக்கா, ஒரே அட்ரஸ்தான் போட்டேன்."



"ஐயோ, அது ஆபீஸ் அட்ரஸ் இல்லலா! ஒவ்வொரு மெஷினுக்கும் தனியா ஒன்னு இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே அட்ரஸ்னா கேபிளெல்லாம் சேர்ற சுவிட்ச் பெட்டி, வர்ற தகவல யாருக்குன்னு கொடுக்கும்? உள்ள பேட்டரி இருக்குற சிப் மேல ஸ்டிக்கர்ல எழுதியிருக்கும், பாருங்க."

வந்த அன்றே, தூசி துடைக்கும்போது, அந்த ஸ்டிக்கர்களை நான் உரித்து எறிந்திருந்தேன். அதையும் அவரிடம் அழாக்குறையாகச் சொன்னேன்.

"சரி, கடைசி எண்ண மட்டும் மாத்திப் போடுங்க. ஆனா கரண்ட் போனா மறுபடி மறந்துடும். புது சிப் வர ஒரு மாசம் ஆகும்," என்றார்.

அன்று மாலை ஆறும் ஒழுங்காக ஓடின. மறுநாள் காலை மழை, கரண்ட் போய்விட்டுத் திரும்பி வந்தது. நான் ஐந்துக்கும் எண்களை மறுபடி தட்டிக்கொண்டிருந்தபோதே சிரம்பானிலிருந்து மேலதிகாரிகள் வந்து என் பின்னால் நின்றார்கள். அவசர அவசரமாகத் தட்டினேன். இரண்டு கணினிக்கு ஒரே எண் விழுந்துவிட்டது. நேற்று ஓடியதாமே, இன்று ஏன் ஓடவில்லை என்று மலாயில் கேட்டார்கள். பேட்டரி என்றேன். 

என்னை நிரந்தரமாக்கவில்லை. நாங்கள் லிங்கியில் ஓர் உறவினர் வீட்டுப் பின்னறைக்குப் போவதாக முடிவாயிற்று.  லாரியில் சாமான்களை ஏற்றிய பிறகும் அம்மா உள்ளே போய், காலியான வீட்டைக் கூட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பிறகு சாவியை, மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் நீட்டினார்.

"உள்ள வந்து ஒரு தடவ பாத்துருங்கய்யா," என்றார். "கறை ஏதும் இல்லல?"