தறிக்குழியில் ஊறிய தண்ணீர்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். ஆரணியை ஒட்டிய சேவூரில், வெள்ளம் வந்தால் எந்தெந்த வீடுகளுக்கு ஆபத்து என்று கணக்கெடுக்கும் தற்காலிக வேலை எனக்குக் கிடைத்திருந்தது. பத்து மாத மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் இடுப்பில் தூக்கிக்கொண்டே போனேன். குழந்தையை ஈரத்தில் அலையவிடுகிறோமே என்று உறுத்தல். படிவத்தில் எதையாவது தவறாக எழுதிவிடுவோமோ என்று பயம் வேறு.

‘வீட்டுக்குள் தண்ணீர் வந்ததுண்டா?’ என்பதுதான் முக்கியக் கேள்வி. அங்குள்ள நெசவாளர் தெருவில் எல்லோரும் இல்லை என்றார்கள். ‘ஆபத்தில்லை’ என்று எழுதிக்கொண்டே கடைசி வீட்டுக்கு வந்தேன். அங்கே என் வயதுப் பெண் ஒருத்தி. தறியை ஒட்டிய சுவரோரம் தூளியில் அவள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணியா? எங்க வூட்டாண்ட வந்ததே இல்லீங்க மேடம்."

நான் மகளைத் தரையில் இறக்கிவிட்டு எழுதக் குனிந்தேன். அதற்குள் என் மகள் தவழ்ந்து, நெய்பவர் காலை விட்டு உட்காரும் தறிக்குழியின் விளிம்புக்கே போய்விட்டாள். பாய்ந்து தூக்கினேன். எட்டிப் பார்த்தால், குழியில் முழங்கால் அளவு தண்ணீர்!

"அது ஊத்துத் தண்ணிங்க. மழ புடிச்சா ஊறிகினே இருக்கும். மொண்டு ஊத்திட்டு எறங்கி நெய்ய வேண்டியதுதான். இதையெல்லாமா வெள்ளம்னு எழுதுவீங்க?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழியை ஒட்டி, தூளிக்குப் பின்னால் இருந்த மண்சுவரைத் தொட்டேன். விரல் உள்ளே அழுந்தியது. தெருவிலிருந்து வந்தால்தான் அவர்களுக்கு அது தண்ணீர். கீழிருந்து ஊறுவது அன்றாட வேலையில் ஒன்று.

மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். "ஃபாரத்துல இல்லாததை ஏம்மா கேக்கற? சாயங்காலம் லிஸ்ட் வேணும், ஜல்தியா முடி" என்றார். அதிகப்பிரசங்கித்தனம் செய்கிறோமோ என்று ஒரு கணம் தயங்கினேன். ஆனால் அந்தத் தூளி கண்ணைவிட்டுப் போகவில்லை. மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன்.

"இன்னா மேடம், இல்லன்னு சொன்னா நம்ப மாட்டீங்களா?" என்று கேலி செய்தார்கள்.

"நம்புறேங்க. குழிய மட்டும் காட்டுங்க."

பதினொரு வீட்டுக் குழிகளில் தண்ணீர் ஊறியிருந்தது. படிவத்தின் ஓரத்தில் எழுதி, கடைசி வீட்டைப் பட்டியலில் முதலில் வைத்தேன். தாமதத்துக்குத் திட்டு வாங்கினேன். ஆனாலும் எழுதியதை யாரும் நீக்கவில்லை.

நான்காம் நாள் மழை வலுத்தது. பட்டியலில் இருந்தவர்களைக் காலையிலேயே, நான் உதவிக்கு நின்ற பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்தார்கள். "சேலை பாதியில நிக்குது, உங்களால பேஜாரு" என்று அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மதியம் செய்தி வந்தது. தூளி கட்டியிருந்த பக்கத்துச் சுவர் விழுந்துவிட்டதாம். அவள் தன் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, வீட்டைப் பார்க்க ஓடினாள்.

எதையும் இரண்டு முறை கேட்கிறேன் என்று வீட்டில் என்னை இன்றும் கேலி செய்வார்கள். அன்று மடியில் கனத்த அந்தக் குழந்தையை நினைத்துக்கொண்டு, மூன்றாம் முறையும் கேட்கிறேன்.