மூச்சக்கா வீட்டுப் பாடகர்

எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு உள்ளே அவர், வெளியே டோக்கன் மேசையில் நான். கதவு திறக்கும்போதெல்லாம் எனக்குக் கேட்பது ஒரே வசனம்தான்: "மூச்சை நல்லா இழுங்க. அடக்குங்க. விடுங்க." அதனால் அவருக்கு மூச்சக்கா என்று பெயர் வைத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் சொன்னா மூச்சுகூட விடாம கேக்குறாங்கல்ல, அது போதும் எனக்கு," என்பார்.

மூச்சக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, எனவே நானும் கேட்டதில்லை. ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியில் அவரும் தங்கையும் குடியிருந்தார்கள். காலையில் ஒரு சண்டையை ஆரம்பித்து, வேலைக்குப் போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிற ஜாதி இரண்டும். திடீரென்று நாற்பது வயதில் தங்கைக்கு ஒருவரைப் பிடித்துப்போனது, கல்யாணமும் முடிந்தது. மாப்பிள்ளை தங்கமான மனுஷர், வாய்தான் கொஞ்சம் நீளம். தங்கை போகும்போது டிவியையும் தூக்கிக்கொண்டு போனாள். அவள் சம்பளத்தில் வாங்கியது, யாரும் குறை சொல்ல முடியாது.

"டிவி போனாப் போகுது. சண்டை போட ஆள் இல்லையே," என்றார் மூச்சக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த நாட்களில் டூட்டி முடிந்த பிறகும் அவர் கிளம்பமாட்டார். காலி அறையில் நின்று, கதிர் படாமலிருக்கப் போட்டுக்கொள்கிற ஈய அங்கிகளைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் போக அவருக்குப் பயம். அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை டிவி வாங்கத்தான் கிளம்பியிருக்கிறார். வழியில் ஒரு பழைய சாமான் கடை. உள்ளே மேசைமேல் ஒரு டர்ன்டேபிள், அதில் கறுப்பு இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி மெள்ள மெள்ள நடுவை நோக்கி நகர்வதைப் பார்த்தபடி இவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கடைக்காரர் ஒரு சிடுமூஞ்சி. "வாங்குறதுன்னா உள்ள வாங்க, இல்லன்னா வழியை விடுங்க," என்று எரிந்து விழுந்திருக்கிறார். இவர் உள்ளே போனார். டிவிக்கு வைத்திருந்த பணம் அங்கேயே தீர்ந்தது.

அந்த மனிதர் திட்டிக்கொண்டேதான் எல்லாம் சொல்லிக் கொடுத்தாராம். தட்டை ஓரத்தில் பிடிக்க வேண்டும், விரல் ரேகை படக் கூடாது. ஆடுகிற மேசையில் வைத்தால் ஊசி துள்ளும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டால் தட்டு வளைந்துவிடும், அலமாரியில் புத்தகம் மாதிரி நிற்க வைக்க வேண்டும். "மூட்டையா வாங்காதீங்க. ஒண்ணை வாங்கி நல்லாக் கேளுங்க. சலிச்சா அடுத்ததுக்கு வாங்க." வியாபாரி பேசுகிற பேச்சா இது? ஒன்றை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். மூச்சக்கா வாங்கியதெல்லாம் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய தட்டுகள், அவற்றுக்கு அது தேவைப்படவும் இல்லை.

வாரம் ஒன்றாக வீட்டில் சேர்ந்தன. ஒரு வயலின். பறவைகளின் சத்தம் ஒன்று, அதைப் போட்டால் பக்கத்து வீட்டுப் பூனை கதவைப் பிறாண்டுமாம். பிறகு ஒருநாள் கடைக்காரர் ஒரு சின்னத் தட்டை இலவசமாக நீட்டினார். உறை கிடையாது, நடுவில் ஒட்டியிருந்த காகிதம் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. என்ன மொழி என்றும் தெரியாது.

அதில்தான் அந்தப் பாடகர் பாடினார்.

"தாழ்ந்த ஆம்பளைக் குரல். அவசரமே கிடையாது. ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு அடுத்ததைச் சொல்லலாமா வேண்டாமான்னு யோசிக்கிற மாதிரி இருக்கும்," என்று மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் சொன்னார் மூச்சக்கா. "என்னமோ பெரிய கஷ்டம் அவருக்கு. ஆனா புலம்புற ஆளில்ல."

"ஆள் பேர் என்னக்கா?"

"யாருக்குத் தெரியும்? அவரா வந்து சொல்லப்போறார்?"

நான் கேலி செய்தேன், அவருக்கும் அது பிடித்திருந்தது. அதற்குப் பிறகு டூட்டி முடிந்த கையோடு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஈய அங்கிகளைத் துடைக்க ஆளில்லை. "வீட்ல ஒருத்தர் இருக்கார்னு ஒரு நெனப்பு, அவ்வளவுதான்," என்று ஒருமுறை சொன்னார். அப்போது எனக்குக் கேலி வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அதுவரை மூச்சக்கா அந்தப் பாட்டை யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. தங்கைக்கு அந்தப் பாடகரைப் பிடிக்க வேண்டுமே என்று காலையிலிருந்து நாலு தடவை மேசை ஆடுகிறதா என்று பார்த்தாராம். தட்டைத் துடைத்து வைத்து ஊசியை இறக்கினார். தங்கை கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். மாப்பிள்ளைக்கு உட்கார்ந்து பழக்கமில்லை, எழுந்து போய் டர்ன்டேபிளைக் குனிந்து பார்த்தார்.

"என்னக்கா இப்படி இழுக்குது? அட, இது சின்னத் தட்டுக்கா! இது வேகமா ஓடணும். பெரிய தட்டு நிமிஷத்துக்கு முப்பத்துமூணு சுத்து, சின்னது நாப்பத்தஞ்சு. இந்தா, ஸ்விட்ச் இங்க இருக்கு பாருங்க."

தட்டிவிட்டார்.

ஒரு இளம்பெண் பாடினாள். கைதட்டல், விசில், இதுவரை பெருமூச்சாகக் கேட்டதெல்லாம் சிரிப்பு. கஷ்டமாவது ஒன்றாவது, இருப்பதிலேயே குஷியான பாட்டு அது. தங்கை கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்தப் பொண்ணையா அக்கா இத்தனை நாளா ஆம்பளைன்னு நெனச்சே?" மாப்பிள்ளை ஒரு கையால் தாளம் போட்டார். மூச்சக்காவும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

அவர்கள் போனதும் ஸ்விட்சைப் பழையபடி தள்ளி வைத்து மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார். அதே பாட்டுதான், அதே நிதானம்தான். ஆனால் அந்த மனிதர் இல்லை. அந்தப் பெண்தான் இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த நேரம் தங்கையிடமிருந்து போன். "வீட்டுக்கு வந்துட்டோம்கா. உன் பாட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"போயிட்டார்டி."

தங்கையின் சிரிப்பு கொஞ்ச தூரம் ஓடி, பிறகு நின்றுவிட்டது. "அக்கா... நான் வேணா திரும்பி வரட்டுமா?"

"எதுக்கு? காலைல எனக்கு டூட்டி இருக்கு. நீ படு."

திங்கட்கிழமை மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே இதையெல்லாம் என்னிடம் சொன்னார். "நாப்பத்தெட்டு வயசுல ஒரு இல்லாத ஆளுக்காக உக்காந்து அழுதேன்னு சொன்னா நீகூடச் சிரிப்பே," என்றார். நான் சிரிக்கவில்லை. "யாராவது செத்துப்போனா நாலு பேர் வந்து துக்கம் கேப்பாங்க. இவருக்கு யார் வந்து கேப்பா, சொல்லு?"

அன்று சாயங்காலம் அவர் கிளம்பியதும் நானும் கூடவே கிளம்பினேன். ஏன் வருகிறாய் என்று அவர் கேட்கவில்லை. மூன்று மாடி ஏறினோம். அவர் கதவைத் திறந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். துக்க வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்து, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "எப்பக்கா போனார்?" என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலம்," என்றார்.