பால் குடிக்காத சுப்பையாவும் சைவ டிஸ்பென்சரும்

1. மூக்கைப் பிடித்த நாள்

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் டிஸ்பென்சராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து நான்கு வயது. மருந்து கலக்கத் தெரியும், காயத்துக்குக் கட்டுப் போடத் தெரியும், அதற்கு மேல் அதிகம் தெரியாது. ஆனாலும் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் நான் டாக்டரய்யா. அந்தப் பட்டம் தலைக்கு ஏறியிருந்த நேரத்தில்தான் ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்று என்னைத் தரையில் இறக்கி வைத்தது.

தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகிற இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். அதைப் பார்த்துக்கொண்டவர் பேச்சியாயா. காலை பத்து மணிக்கு வாளியில் பால்மாவைக் கரைத்துத் தகரக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுப்பார். எல்லாப் பிள்ளைகளும் குடிப்பார்கள், சுப்பையாவைத் தவிர. கோப்பை தெரிந்தாலே உதடுகளை உள்ளே மடித்துக்கொள்வான்.

"மூக்கப் புடிங்க ஆயா. மூச்சு முட்டினா வாயத் தொறப்பான், ஊத்திடலாம்" என்றேன். பெரிய வைத்தியம் சொல்லிவிட்டதாக நினைப்பு.

ஆயாவுக்கு விருப்பமில்லை. "வேணாங்கய்யா. பச்சப்புள்ளங்க" என்றார். நான் விடவில்லை. அவர் பிடித்தார், நான் ஊற்றினேன். உள்ளே போனது ஒரு மடக்கு. அது அத்தனையும் அடுத்த நொடி என் வெள்ளைச் சட்டையில் இருந்தது. பையன் அழக்கூட இல்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு அவசரம் இருந்தது. ஒன்றரை வயதாகியும் சுப்பையா நிற்கவில்லை. பிடித்து நிறுத்தினால் இரண்டு காலும் வெளிப்பக்கம் வளைந்தன. மாதம் ஒருமுறை வரும் டாக்டர் அவனுடைய மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார், விலா எலும்பைத் தடவிப் பார்த்தார். சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார்.

"எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து போகல. பால் குடிக்கிறானா?"

"இல்லைங்க சார்."

"இப்படியே விட்டா கால் வளைஞ்சே நின்னுடும். வளைஞ்ச காலோட இந்த மலையில எப்படி ஏறி எறங்குவான்?"

வெயில் காட்டச் சொன்னார், மீன் எண்ணெய் கொடுக்கச் சொன்னார், கால்சியம் மாத்திரை எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பால் என்றார். மூடுபனி விலகின நேரத்தில் வெயில் காட்டினோம். அது ஒன்றுதான் நடந்தது. மாத்திரையைப் பொடித்து ரொட்டி மாவில் பிசைந்தேன், துப்பினான். தேத்தண்ணியில் கலந்தேன், துப்பினான். கினிகத்தேனைக்குப் போய்வந்த லாரிக்காரரிடம் சொல்லி முருங்கைக் கீரை வரவழைத்துப் பருப்பில் மசித்துக் கொடுத்தேன். வாயே திறக்கவில்லை. கள்ளச்சாராயம் பிடிக்கிற பொலிஸ்காரருக்குக்கூட அப்படி ஒரு மூக்கு இருக்காது.

2. ராமாயி சாப்பிட்ட விதம்

அவனுடைய தாய் ராமாயி. பிறகு வந்த பிள்ளை வயிற்றில், ஏழு மாதம். பகல் சாப்பாட்டு நேரத்தில் மலையிலிருந்து இறங்கி வந்து அவளே மகனுக்கு ஊட்டுவாள். அந்த நேரத்தில் நான் அங்கே போவதில்லை. காரணம் வாசம். நான் தலவாக்கலை பஜார் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. காம்பராவில் பகல் நேரத்தில் நெத்தலிக் கருவாடு மணக்கும்.

ஒரு நாள் இன்னொரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போக வேண்டியதாயிற்று. ராமாயி சுவரோரமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் சுப்பையா. ரொட்டியில் ஒரு துண்டும் ஒரு பொரித்த நெத்தலியும் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். பையன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் மென்றாள். அவன் பார்வை கழுத்துக்கு இறங்கியது. அவள் விழுங்கியது தொண்டையில் தெரிந்தது. அப்புறம்தான் அவன் வாயைத் திறந்தான். தலை, வால், முள் என்று முழு நெத்தலியையும் மென்று தின்றான்! அடுத்த வாய்க்கும் அதே சடங்கு. அவள் முதலில், தொண்டையில் ஒரு பார்வை, பிறகு அவன்.

நான் மூக்கைப் பொத்த மறந்து நின்றேன்.

"அவன் அப்படித்தாங்கய்யா" என்றார் பேச்சியாயா. "அவ தின்னாத்தான் திம்பான். பொடிச்சு மறைச்சுக் குடுத்தாக் கண்டுபுடிச்சிருவான். முழுசா கண்ணுக்குத் தெரியணும்."

"எப்ப இருந்தும்மா இப்படி?" என்று ராமாயியிடம் கேட்டேன். மகனைப் பற்றி இத்தனை நாளில் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பால் மறக்கடிச்சதுல இருந்துங்க. வயித்துல இது தங்கிருச்சு, இவன் மாருல விடவே இல்ல. லயத்துல சொன்னாங்க, கசப்பு தடவுனா விட்டுருவான்னு. மாத்தளையில அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்து காய்ச்சல்னு படுத்தேன்ல, அப்ப நீங்க கொயினா தூள் குடுத்தீங்க. ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுருச்சு. மிச்சம் இருந்துச்சுங்க. அதக் கொழச்சுத் தடவுனேன்."

"அப்புறம்?"

"ஒரு தடவதாங்க. வாய வச்சான், எடுத்துட்டான். என் மூஞ்சியப் பாத்தான். அப்புறம் தொடவே இல்ல. மத்தப் புள்ளங்க ரெண்டு நாள் அழுதுட்டு மறந்துரும். இவன் மறக்கலங்க."

என் கையால் பொட்டலம் கட்டிக் கொடுத்த மலேரியா மருந்து, கொயினா. அதன் கசப்பு எனக்குத் தெரியும், விரலில் ஒட்டினாலே அன்றைய சாப்பாடு கெட்டுப்போகும். உலகத்தில் அவன் சந்தேகப்படாத ஒரே இடத்தில் அது இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட வியப்புதான் பெரிதாக இருந்தது. பேச்சு வராத பிள்ளை. ஒரே ஒரு முறை ஏமாந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் தனக்கென்று ஒரு சட்டம் வகுத்துக்கொண்டது. கொடுப்பவர் முதலில் தின்ன வேண்டும், விழுங்கியதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இதைவிடப் புத்தியான சட்டத்தைப் பெரியவர்கள் யாரும் வகுத்து நான் பார்த்ததில்லை.

3. டாக்டர் சொன்னது

அடுத்த மாதம் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் நெத்தலிப் பேச்சைப் பிடித்துக்கொண்டார்.

"முள்ளோட திங்கிறானா?"

"தலையோட திங்கிறான் சார்."

"அப்ப ஏன் பாலுக்குச் சண்டை போடுறீங்க? அந்த முள்ளு முழுக்கச் சுண்ணாம்புச் சத்துதான். சுடுதண்ணியில ஊற வச்சு உப்ப எடுத்துட்டுக் குடுக்கச் சொல்லுங்க. நெறையக் குடுங்க. கூடவே குரக்கன் ரொட்டி, கீரை. வெயில விட்டுடாதீங்க."

தாய் தின்றால் அவனும் தின்பான் என்பதால் வழி தெளிவாகிவிட்டது. கேழ்வரகு என்கிற குரக்கனில் சுட்ட ரொட்டியை ராமாயி முதலில் கடித்தாள். கீரையை அவள் முதலில் தின்றாள். மீன் எண்ணெயையும் அவனுக்கு முன்னால் ஒரு கரண்டி குடித்துக் காட்டினாள், முகத்தைச் சுளிக்காமல். அந்த எண்ணெயை நானே பின்னாளில் ஒரு முறை வாயில் விட்டுப் பார்த்திருக்கிறேன். அவளுடைய முகம் அசையாமல் இருந்ததை இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

4. என் முறை

பிரசவத்துக்கு ராமாயியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தை குறுக்கே இருந்ததால் பத்து நாளுக்குமேல் வைத்துக்கொண்டார்கள். புருசன் தேயிலை பெக்டரியில் வேலை, மாலையில் வந்து, தானும் தின்று காட்டித்தான் மகனுக்குச் சோறு கொடுப்பான். பகல் முழுவதும் சுப்பையா பட்டினி. பேச்சியாயா நெத்தலியை அவன் கண்முன்னே தின்று காட்டினார், விழுங்கிக் காட்டினார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னைய நம்ப மாட்டேங்குறான்யா" என்றார் ஆயா. "மூக்கப் புடிச்ச கைன்னு மனசுல வச்சிருக்கான்." கண் கலங்கியிருந்தது.

பிடிக்கச் சொன்னவன் நான். மூன்றாம் நாள் பகல் காம்பராவுக்குப் போனேன். அவனுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தட்டிலிருந்து ஒரு நெத்தலியை எடுத்தேன்.

ஆயா பதறிப்போனார். "ஐயா, நீங்க சைவமாச்சே!"

"தெரியும் ஆயா. பேசாம இருங்க."

வாயில் போட்டேன். ராமாயியின் முகத்தை நினைத்துக்கொண்டு மென்றேன். முள் பல்லில் நொறுங்கியது. சுப்பையா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். விழுங்கினேன். அவன் வாயைத் திறக்கவில்லை. இன்னொன்று தின்றேன். திறக்கவில்லை. பரீட்சை அறையில்கூட நான் அப்படி வேர்த்ததில்லை. ஐந்தாவது நெத்தலி இறங்கிய பிறகு மெதுவாக, பாதி மட்டும் வாயைத் திறந்தான்.

அன்றிலிருந்து தினமும் பகலில் அது என் வேலை. வீட்டில் அம்மா வாசம் பிடித்துக் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். ஒரு வாரம் அடுப்படிப் பக்கம் விடவில்லை. ராமாயி பெண் குழந்தையோடு திரும்பினாள், பேறுகால ஓய்வில் கைக்குழந்தையோடு லயத்திலேயே இருந்தாள், சுப்பையாவைப் பகலில் காம்பராவுக்கே அனுப்பினாள். அதனால் பகல் நெத்தலி என் பொறுப்பிலேயே தொடர்ந்தது. மழைக்காலம் முடிவதற்குள் சுப்பையா சுவரைப் பிடித்து நின்றான். அடுத்த சில மாதங்களில் நடந்தான். டாக்டர் அவனுடைய காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, மலை ஏறுவான்" என்றார். விரல் நீள மீன் ஒன்று ஒரு மனிதனுக்குக் கால் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு முப்பது வருடம் வேலை செய்தேன். என்னிடம் தொழில் பழக வந்த டிஸ்பென்சர்களிடம் சொன்னது ஒன்றுதான். பிள்ளை குடிக்க மறுக்கிறது என்று புத்தகத்தில் எழுதும்முன், எப்போதிலிருந்து என்று தாயிடம் கேளுங்கள். பதிலில் நம் பெயரும் இருக்கலாம்.

சுப்பையா நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு பகல். வழக்கம்போல ஒரு நெத்தலியை எடுத்து என் வாய்ப்பக்கம் கொண்டுபோனேன். சுப்பையா தத்தித் தத்தி வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் தொண்டையை அவன் பார்க்கவில்லை. நான் தின்னும் முன்பே வாயை அகலமாகத் திறந்துவிட்டான்.

நெத்தலியைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்தேன்.

"என்னங்கய்யா பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றார் பேச்சியாயா. "புள்ள வாயத் தொறந்துகிட்டு நிக்கிறான்ல, குடுங்க."