குளிப்பாட்டாத மாட்டுப் பொங்கல்

கந்தப்பளைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மார்கழி, தை மாதப் பனி புல்லை எரித்துவிடும். விடியும்போது தரையெல்லாம் உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளையாகக் கிடக்கும். வெயில் ஏறியதும் அந்தப் புல் தீயில் வாட்டியதுபோல் கறுத்துப்போகும். கொழுந்து கருகினால் தோட்டத்தை நடத்துகிற தொரையிலிருந்து மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு வரை எல்லாரும் மலைக்கு ஓடி வருவார்கள். புல் கருகினால் ஒருவரும் வருவதில்லை. அது மாடு வைத்திருக்கிறவள் பாடு.

என்னிடம் இரண்டு பசுக்கள் இருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று செவலை. செவலை கார்த்திகையில்தான் ஒரு பெண் கன்று போட்டிருந்தது. கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கு வருவார், போவார். மாடுகள் முழுக்க என் பொறுப்பு.

விடியுமுன் எழுந்து மடி கழுவத் தண்ணீர் சுட வைப்பேன். பச்சைத் தண்ணீர் பட்டால் செவலை பாலை மேலே இழுத்துக்கொள்ளும். பனியில் வெடித்த என் விரல்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால்தான் காம்பு நோகாது. கறந்து முடித்து, சாணி அள்ளி, டவுனில் முஸ்லிம் நானாவின் கடையில் வாங்கிவந்த சாக்குகளை மாடுகளின் முதுகில் இறுக்கிக் கட்டி, பால் வண்டிக்குப் பாலைக் கொடுத்துவிட்டு, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடுவேன். ஒரு நிமிடம் பிந்தினாலும் அன்று வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பனி படிந்த புல்லை மாட்டுக்குப் போடக் கூடாது. வயிறு உப்பும், கழியும். பனி உருகுகிற நேரத்தில் நான் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பேன். அதனால் வேலை விட்டதும் தோட்டத்துப் பழைய பங்களாவுக்குக் கீழே ஓடையோரம் போவேன். மரங்களின் அடியில் பனி இறங்காது. தோட்டம் முழுக்கக் கருகினாலும் அங்கே மட்டும் பச்சைப் புல் நிற்கும்.

அந்த வருடம் பங்களாவை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடமாக மாற்றிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் நான் புல்லுக்கட்டைத் தூக்கும்போது காவல்காரர் வந்து நின்றார். எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின் வரிசையில் குடியிருக்கிறவர்.

"தங்கச்சி, கட்டைக் கீழ வையி. இனிமே இங்க புல்லு அறுக்கக் கூடாதாம். தொரை ஓடரு."

"அப்ப மாட்டுக்கு என்னாத்தண்ணே போடுறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. வந்திருக்கிறவங்க நடக்கிற பாதையாம் இது. அருவாளையும் வாங்கிக்கச் சொல்லியிருக்காங்க."

அருவாளை வாங்கிக்கொண்டார். அறுத்த புல்லையாவது கொடுத்திருக்கலாம். காலால் ஓடைக்குள் தள்ளிவிட்டார். அவர் பிள்ளைக்கு மஞ்சள்காமாலை வந்தபோது தினமும் என் வீட்டு மோரைத்தான் குடித்தது. புல் தண்ணீரில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. அவரையும் அதோடு தள்ளிவிட வேண்டும் போலத்தான் இருந்தது.

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். தொரை என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கிளாக்கரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்கும் சிங்களம் தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கிளாக்கர் அதைத் தமிழில் சொன்னார்: "மாட்டை வித்துடச் சொல்றாரு. நீங்க தோட்ட வேலைக்கு வந்தவங்களா, மாடு மேய்க்க வந்தவங்களா?"

தொரை சொன்னது மாட்டை விற்க வேண்டும் என்பது மட்டும்தான். மற்றது கிளாக்கர் தன் கையிலிருந்து சேர்த்தது.

அதன் பிறகு மாடுகள் தவிட்டிலும் மரக்கறித் தோட்டங்களில் ஒதுக்கிப் போட்ட கோவா இலையிலும் காலம் தள்ளின. மருந்தடித்த இலையோ என்று பயந்து பயந்துதான் போட்டேன். செவலைக்குப் பால் வற்றியது. கறப்பதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கன்றுக்கே விட்டேன். அது முட்டி முட்டிப் பார்க்கும்; வாயில் வெறும் நுரைதான் வரும். கறுப்பின் பாலைப் போத்தலில் ஊற்றிப் புகட்டினேன். குடித்தது, கழிந்தது. ஒரு காலையில் பட்டிக்குப் போனபோது கன்று கால்களை நீட்டி விறைத்துக் கிடந்தது. செவலை அதன் முதுகை நக்கிக்கொண்டே இருந்தது.

நானே குழி வெட்டினேன். பனியில் இறுகிய மண் மண்வெட்டிக்கு லேசில் அசையவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒவ்வொருவரைத் திட்டினேன். தொரையை, கிளாக்கரை, காவல்காரரை, கொழும்பிலிருந்து போனில் "சரி விடு, வேற கண்டு போடும்" என்று சொன்ன கணவரை.

கன்று செத்த நான்காம் நாள், தைப்பொங்கலுக்கு முந்தின நாள், தலைவர் வந்தார். எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அருவாளைப் பறித்தபோது அவரிடமும் போய்ச் சொல்லியிருந்தேன். "பொறு, பேசுறேன்" என்றவர், அதன் பிறகு அன்றுதான் என் வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பங்களாவுல இருக்கிற வெள்ளைக்காரங்க மாட்டுப் பொங்கல் பாக்கணுமாம். தொரையும் வர்றாரு. ஒஞ் செவலைதான் அம்சமா இருக்கும். நல்லாக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, மாலை போட்டுக் கூட்டிக்கிட்டு வந்துரு."

"இந்தப் பனியில குளிப்பாட்டணுமா?"

"ஒரு நாளைக்குத்தானே. படம் புடிப்பாங்க."

"கூட்டிக்கிட்டு வர்றேன் தலைவரே" என்றேன்.

மாட்டுப் பொங்கலன்று செவலையைக் குளிப்பாட்டவில்லை. மஞ்சளும் பூசவில்லை, மாலையும் போடவில்லை. முதுகில் சாக்கோடு, தொடையில் காய்ந்த சாணியோடு, இருந்தபடியே பங்களாவுக்குக் கூட்டிப் போனேன். முற்றத்தில் கோலம் போட்டு, கரும்பு கட்டி, நாற்காலி போட்டிருந்தார்கள். தொரை நெற்றியில் பொட்டோடு நின்றார். நாலைந்து வெள்ளைக்காரர்கள் கேமராவைத் தூக்கினார்கள். நான் சாக்கை அவிழ்த்தேன். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

தலைவர் ஓடி வந்து, "என்னாம்மா இது, மானத்த வாங்குறியே" என்று பல்லைக் கடித்தார். வயதான ஒரு வெள்ளைக்காரி மட்டும் கேமராவை இறக்கிவிட்டுத் தொரையிடம் ஏதோ கேட்டாள். மாட்டைக் காட்டித்தான் கேட்டாள். அவர் சிரித்து மழுப்பினார்.

நான் தொரையைப் பார்த்துச் சிங்களத்தில் பேசினேன். "இதுக்குப் புல் இல்லை ஐயா. புல் இருக்கிற இடம் இந்தா, இந்தச் சுவருக்குக் கீழே. அதை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். இதன் கன்று செத்துப்போனது. படம் பிடிக்கிறதானால் இப்படியே பிடியுங்கள்." பங்களாவில் சமைக்கிற ஆள் அதை இங்கிலீசில் அந்த அம்மாவுக்குச் சொல்லிவிட்டார். யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை.

படம் எடுக்கவில்லை. தொரை கழுத்தெல்லாம் சிவந்து உள்ளே போய்விட்டார். மாலை போட்ட வேறு மாடு தேடி தலைவர் கீழே ஓடினார். அடுத்த ஒரு வாரம் எனக்கு வேலை இல்லை. அந்த வாரம் முடிந்ததும், மாரி வரும்வரை சாயங்காலத்தில் ஓடையோரம் புல் அறுக்கலாம் என்று பெரட்டில் சொன்னார்கள். எனக்கு மட்டுமில்லை, மாடு வைத்திருக்கிற எல்லாருக்கும்.

மாசியில் சங்கக் கூட்டம் நடந்தது. "தொரைகிட்ட நான் நேருக்கு நேரா பேசி வாங்கிக் குடுத்த புல்லு அது" என்று தலைவர் எங்களுக்குச் சொன்னார். சிலர் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையை இடித்து, "எந்திரிச்சிக் கேளு" என்றாள்.

கேட்டிருப்பேன். ஆனால் கறவை நேரம் ஆகிவிட்டிருந்தது; கறுப்பு கத்துவது கூட்டம் நடந்த இடம் வரை கேட்டது. எழுந்து, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முன்னால் குறுக்கே நடந்து வெளியே போனேன்.