பாக்ஸ் ஃபைலின் இரண்டாம் பக்கம்

நிக்கல் பூசிய இரும்புக்கென்று ஒரு வாடை உண்டு. வியர்த்த உள்ளங்கையில் வெகுநேரம் பொத்தி வைத்திருந்த சில்லறையின் வாடையைப் போல, சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலை விட்டுப் போகாது. என் சிறுவயதில் அது அப்பாவின் கைகளில் எப்போதும் இருந்தது. ஒரு தனியார் கம்பெனியின் 'ரெக்கார்ட் செக்ஷனில்' அவருக்கு வேலை. நாள் முழுவதும் 'பாக்ஸ் ஃபைல்'களைத் திறப்பதும் மூடுவதும்தான். கனத்த அட்டைக்குள் பதித்திருக்கும் 'லிவரை' மேலே தூக்கினால் வளைந்த இரண்டு கம்பிகளும் வாய் பிளக்கும். ஓட்டை போட்ட காகிதத்தை நேராக நிற்கும் இரண்டு முளைகளில் கோத்து, லிவரைக் கீழே அழுத்தினால் கம்பிகள் பட்டென்று பூட்டிக்கொள்ளும். இடையில் விரல் இருந்தால் விரலையும் சேர்த்துக் கடிக்கும்.

காக்ஸ் டவுனில், சர்ச் மணி கேட்கிற தூரத்தில், ஒரு பழைய ஓட்டு வீட்டின் பின்பாதியில் நாங்கள் நால்வரும் வாடகைக்கு இருந்தோம். அம்மா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அண்ணன் சாமு என்னைவிட ஏழு வயது மூத்தவன். வீட்டில் ஆளுக்கொரு பாக்ஸ் ஃபைல் உண்டு. ஞானஸ்நானச் சான்றிதழில் தொடங்கி அவரவர் வாழ்க்கை அதற்குள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அப்பா அடிக்கடி சொல்வார்: "தைச்ச நோட்டுல ஒரு தாளைக் கிழிச்சா அதோட ஜோடித் தாளு கழண்டு வந்து காட்டிக்குடுத்துடும். ஃபைல்ல அப்படியில்ல, எடுத்தவன் சொன்னாத்தான் தெரியும். அதனால ஃபைலைத் தொடுற கை சுத்தமா இருக்கணும்."

நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம், ஜூன் மாதம், சாமு இரண்டாம் முறையாக பி.யூ.சி.யில் கணக்கில் தோற்றான். ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் சமையலறை வாசலில் நின்றுகொண்டு அவன் அம்மாவிடம் கெஞ்சியதை நான் கேட்டேன். "மம்மி, நீங்க டாடிகிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா அடிப்பாரு." ஐம்பது குழந்தைகளோடு கத்திவிட்டு வந்திருந்த அம்மா அரிசி களைந்த கையை உதறியபடி, "ரெண்டு வாட்டி ஃபெயில் ஆனது நீ. நீயே போய்ச் சொல்லு, என்னை இதுல இழுக்காத" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பின்னால் அவள் ஒன்றரை வருடம் சுமந்தாள்.

மறுநாள் காலை அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போன பிறகு, அப்பா ஏதோ விண்ணப்பத்துக்காக சாமுவின் ஃபைலை எடுத்தார். முதல்முறை தோற்ற மார்க்ஸ் கார்டு அதில் இல்லை. சாமு அதை ஏற்கெனவே எடுத்துக் கிழித்துப் போட்டிருந்தான். எனக்கு லேசான காய்ச்சல், பள்ளிக்கூடம் போகாமல் கட்டிலில் படுத்திருந்தேன். அப்பாவின் குரல் எழும்பவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஃபைல்ல இருந்து எடுத்தியா?"

சாமு தலையை மட்டும் ஆட்டினான்.

"தோத்ததுகூட பரவாயில்லடா. திருட்டுத்தனமா தாளை உருவியிருக்க பாரு. ஒன்னையும் இந்த வீட்டுலேருந்து அப்படித்தான் உருவி எறியணும். வெளிய போ. நான் கூப்பிடாம இந்தப் படி ஏறாத. செத்தாலும் சரி."

சாமு செருப்பை மாட்டிக்கொண்டு போனான். கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடுவான் என்று நினைத்தபடி நான் தூங்கிப்போனேன்.

இரண்டு நாள் கழித்து அப்பா போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். இரண்டு பக்கம், ஆங்கிலத்தில், அவருடைய அச்சுப் போன்ற கையெழுத்தில். கார்பன் நகலை ஓட்டை போட்டு ஒரு புது ஃபைலில் கோத்தார். ஆபீஸ்காரர் அல்லவா, எழுத உட்கார்ந்ததும் நடந்ததை நடந்தபடியே எழுதியிருந்தார். தான் என்ன சொன்னார் என்பது இரண்டாம் பக்கத்தில் ஒரு வார்த்தை பிசகாமல் இருந்தது. ஆனால் அம்மாவிடம் வாயால் சொன்னது வேறு: "மார்க்ஸ் கார்டு எங்கேன்னு கேட்டேன், அவனா எழுந்து போயிட்டான்." அம்மா அந்த ஃபைலைத் திறந்து பார்க்கவில்லை. அதைத் திறப்பது மகன் காணாமல் போனதை ஒத்துக்கொள்வது போலிருந்ததோ என்னவோ, அலமாரிப் பக்கமே அவள் போகமாட்டாள்.

அடுத்த மாதம் கே.ஜி.எஃப்.பிலிருந்து மாமா, அம்மாவின் அண்ணன், வருவதாகச் சொல்லியனுப்பினார். அவருக்குத் தெரிந்த போலீஸ் அதிகாரி ஒருவர் இருக்கிறார், எல்லாக் காகிதங்களையும் பார்க்க வேண்டுமாம். அதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை. அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா ஃபைலை மடியில் வைத்து லிவரைத் தூக்கினார். இரண்டாம் பக்கத்தை மெதுவாக, ஓட்டை கிழியாமல், கம்பியிலிருந்து கழற்றினார். வேறொரு தாளில் ஏதோ எழுதி அந்த இடத்தில் கோத்துப் பூட்டினார். கழற்றிய தாளை அவர் கிழிக்கவில்லை. அவரால் எந்தக் காகிதத்தையும் கிழிக்க முடியாது. 'ரத்தி பேப்பர்'காரனுக்காகக் கட்டி வைத்திருந்த பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே செருகிவிட்டு முகம் கழுவப் போனார். நான் அங்கே இருப்பதே அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

நான் அதை எடுத்தேன். படித்தேன். என் அட்லஸ் புத்தகத்தின் அட்டைக்குள் ஒளித்து வைத்தேன்.

ஏன் எடுத்தேன் என்று கேட்டால் இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு மட்டும் பதில் இருக்கிறது: பயம். அப்பாவின் மேல் இருந்த பயம் பாதி. அண்ணனும் போய், அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டால் நான் யாரோடு இருப்பேன் என்ற பயம் மீதி.

அந்த ஒன்றரை வருடத்தில் ஃபைல் தடித்துக்கொண்டே போனது. ஸ்டேஷனிலிருந்து வந்த பதில்கள், ஆஸ்பத்திரிகளுக்கு எழுதிய கடிதங்கள், செய்தித்தாளில் கொடுத்த 'காணவில்லை' விளம்பரங்களின் வெட்டுத் துண்டுகள். விளம்பர வாசகம் ஒவ்வொரு முறையும் ஒன்றேதான்: 'சாமு, அம்மாவுக்கு உடல்நலமில்லை. எங்கிருந்தாலும் உடனே வரவும்.' அதில் பொய் இல்லை. அம்மா இளைத்துப்போய் ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வராமல் பஸ் ஸ்டாப்பில் நின்று, இறங்குகிற ஒவ்வொரு பையனின் முகத்தையும் பார்ப்பாள். சர்ச்சில் பாட்டுப் பாடும்போது வாய் மட்டும் அசையும். வீட்டுக்கு யார் வந்தாலும், "நான்தான் அனுப்பிச்சேன். புள்ள வந்து கெஞ்சுனான். ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா நின்னிருப்பான்" என்பாள். அப்பா அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் என் பாடப்புத்தகத்துக்குள் குனிந்துகொள்வேன். ஒரே அறையில், அது அவளுடைய தப்பில்லை என்று தெரிந்த இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

ஏழாம் வகுப்பின் அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் அம்மா குளியலறையில் மயங்கி விழுந்தாள். டாக்டர் வந்து போனார். தெளிந்ததும் அவள் முதலில் சொன்னது, "அவனை நான் கொன்னுட்டேன்" என்பதுதான். மறுநாள் அப்பா ஆபீஸ் போனதும் நான் அட்லஸிலிருந்து தாளை எடுத்தேன். அவள் கையில் நேரே கொடுக்கத் தைரியமில்லை. ஃபைலில் அதன் இடத்திலேயே வைத்துவிட்டு, 'மம்மி, ஒருவாட்டி படிச்சுப் பாருங்க' என்று மட்டும் சொல்லிவிடலாமென்று கணக்குப் போட்டிருந்தேன்.

லிவர் நான் நினைத்ததைவிட இறுக்கம். இரண்டு கட்டை விரலாலும் தூக்கினேன். ஒன்றரை வருடக் காகிதத்தையும் ஒருபுறம் தள்ளி, முதல் பக்கத்துக்குக் கீழே அதைக் கோத்தபோது கை வழுக்கிவிட்டது. கம்பி பாய்ந்து என் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையைக் கவ்வியது. நான் போட்ட கூச்சலில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

முதலில் லிவரைத் தூக்கி என் கையை விடுவித்தாள். துணி கிழித்துக் கட்டினாள். பிறகுதான் ரத்தம் பட்டிருந்த அந்தத் தாளைப் பார்த்தாள். நின்றபடியே படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"இது எங்கேருந்து வந்துச்சு, ஷீலா?"

"ரத்தி பேப்பர்ல இருந்துச்சு, மம்மி. டாடி எடுத்து வச்சாரு."

"எப்ப?"

"மாமா வர்றதுக்கு முந்தின நாளு."

அவள் விரல்களை மடக்கி மாதங்களை எண்ணினாள். எண்ணி முடித்து என் கன்னத்தில் அறைந்தாள். அதற்கு முன்பும் பின்பும் அவள் என்னை அடித்ததில்லை. அப்புறம் என்னை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். 

சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றும் முன்பே ஃபைலைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தாளைப் பார்த்தார், பிறகு கட்டுப் போட்ட என் கையைப் பார்த்தார். யாரும் கத்தவில்லை.

"நீ உயிரோட இருக்க மாட்டியோன்னு பயந்தேன், கிரேஸ். என்னை வெறுத்துடுவியோன்னும் பயந்தேன்" என்றார் அப்பா.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். கூப்பிடாம படி ஏறாதன்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்களே கூப்பிடுங்க. இப்பவே எழுதுங்க."

அப்பா எழுதினார். அந்த வாரமே அது தமிழ்ப் பத்திரிகையிலும் கன்னடப் பத்திரிகையிலும் வந்தது: 'சாமு, நான் சொன்னது தப்பு. நான்தான் கூப்பிடுகிறேன். வீட்டுக்கு வா. டாடி.'

பத்து நாளில் அத்திபெலேயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிற ஒருவர் எழுதியிருந்தார், இந்த அடையாளத்தில் ஒரு பையன் தன்னிடம் வேலை செய்ததாக. ஓசூர் ரோட்டில் பஸ் பிடித்தால் ஒன்றரை மணிநேரம். நாங்கள் மூவரும் போனோம். பஸ்ஸில் அம்மா தன் மடியில் சாமுவின் சட்டை ஒன்றை வைத்திருந்தாள்.

அந்த மனிதருக்கு அப்பாவின் வயதுதான் இருக்கும். பெஞ்சைத் துடைத்து எங்களை உட்காரச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்ததுமே சாமு அங்கே இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு வருஷத்துக்கு மேல இங்கதான் இருந்தான்மா. பில்லெல்லாம் வரிசையா அடுக்கறதுல அவனை மிஞ்ச ஆள் கெடையாது" என்றார். "காலைல பேப்பர் வந்தா மொதல்ல அந்தக் காணவில்லை பக்கத்தைத்தான் பாப்பான். உங்க வெளம்பரம் ரெண்டு வாட்டி வந்துச்சு. நானே சொன்னேன், போடா, அம்மாக்கு மேலுக்கு நல்லால்லன்னு போட்டிருக்காங்கன்னு. 'அப்பா கூப்பிடலையே அண்ணா'ன்னுட்டான். ஒருநா பொறுத்துப் பாத்துட்டு, கெளம்பிட்டான். வடக்க போற லாரில ஏறுனான். எந்த ஊருன்னு சொல்லலம்மா. 'கொத்தில்ல, தெரியாது, போய்ப் பாக்கறேன்'னான்."

"எப்பங்க?" என்றார் அப்பா.

"ஆயிப்போச்சு, மூணு மாசம்."

மூன்று மாதம். ஃபைலும் அட்லஸும் ஒரே அறையில் பத்தடி தூரத்தில் இருந்த பதினேழு மாதங்களில், கடைசி மூன்று. அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாதென்று அவள் கழுத்தை விறைப்பாக வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு, என் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, "நீ சின்னப் பொண்ணு, ஒனக்கு என்ன தெரியும்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

அப்பா அதன்பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை தனியாக அத்திபெலேக்குப் போய், அந்தப் பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டு வருவார். என்ன பேசினார்கள் என்று சொல்லமாட்டார். நான் கல்லூரி முடித்த வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். அம்மா இன்னும் பல வருடங்கள் இருந்தாள். அப்பாவோடு சண்டை போடவுமில்லை, அவரைப் பற்றி அப்புறம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

காக்ஸ் டவுன் வீட்டை இடித்து நான்கு மாடி அடுக்ககம் கட்டிவிட்டார்கள். அந்தத் தெருவில் எங்களைத் தெரிந்தவர்கள் யாருமில்லை. செய்தித்தாளில் காணாமல் போனவர்களின் பத்தி சுருங்கிச் சுருங்கி இல்லாமலே போய்விட்டது. இப்போதெல்லாம் தேடுகிறவர்கள் போனில் தேடுகிறார்கள். நானும் தேடியிருக்கிறேன். பெயரைத் தட்டினால் ஆயிரம் சாமுக்கள் வருகிறார்கள், ஒருவர் முகமும் அவனுடையதாக இல்லை. நான் பொம்மனஹள்ளியில் இருக்கிறேன். வேலையாக ஓசூர் பக்கம் போனால் அத்திபெலேயில் இறங்காமல் வருவதில்லை. புக்கிங் ஆபீஸ் இருந்த இடத்தில் மேம்பாலத்தின் தூண் நிற்கிறது.

போன மாதம் அங்கே ஒரு டீக்கடையில், வழக்கம்போல அவனுடைய படத்தைக் காட்டினேன். பி.யூ.சி. விண்ணப்பத்துக்காக எடுத்தது, மீசை அரும்பியும் அரும்பாமலும், காலர் பட்டனைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். கடைக்காரர், முப்பது வயதுக்குள் இருப்பார், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எப்பலேருந்து காணோம்மா? உங்க பையனா?"

"இல்லப்பா, எங்க அண்ணன்" என்றேன்.

அவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். என் நரைத்த தலையைப் பார்த்தார். பிறகு ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, படத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.