பக்கத்துக் கட்டில் அக்கா

கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம். நர்ஸம்மா அதைச் சாய்த்துப் பார்க்கிறார். தண்ணீர் மாதிரி ஓடுகிறது. "இன்னும் உறையலம்மா" என்கிறார். அப்போது பக்கத்துக் கட்டிலோரம் நின்ற அக்காவின் முகம் போன போக்கை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டு, அண்ணனூரில் தனியாக அறை எடுத்திருந்தேன். டெங்கு வந்து அரசு ஆஸ்பத்திரியில் படுத்தேன். வார்டில் பாதிப் பேர் என்னைப் போலக் காய்ச்சல்காரர்கள். மற்றவர்களுக்கு வயிற்றுப்போக்கு, பைக்கில் விழுந்து உடைந்த கால். பக்கத்துக் கட்டிலில் பாம்புக்கடி. குத்தம்பாக்கத்தில், விற்றதுபோக மிச்சமிருந்த துண்டு நிலத்தில் கீரை அறுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. முள் என்று நினைத்து, கீரைக் கட்டுகளைக் கட்டி முடித்துவிட்டுத்தான் அந்த அண்ணன் எழுந்தாராம். ஈறில் ரத்தம் கசிந்த பிறகே அவர் மனைவி, அந்த அக்கா, ஆட்டோ பிடித்தார்.

"உங்கூட யாரும் இல்லியா தம்பி?"

"ஊரு தூரம்க்கா. அம்மாகிட்ட சொல்லல."

அதன்பிறகு கணவருக்கு வாங்கிய கஞ்சியில் எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. பார்வையாளர் நேரத்தில் எல்லாக் கட்டில்களையும் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பிள்ளையில்லாத அவர்கள் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் சேர்த்து அக்கா ஒருவர்தான்.

விஷம் முறிந்து, குழாயில் ரத்தம் உறைந்த அன்று அக்கா சிரித்தார். மறுநாள் அண்ணனுக்குச் சிறுநீர் இறங்கவில்லை. டயாலிசிஸுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்ட்ரெச்சர் பின்னால் ஓடிய அக்கா வாசலில் திரும்பி, "கஞ்சி மூடி வச்சிக்கீறேன், ஆறுறதுக்குள்ள குடிச்சிடு" என்றார். அன்று மாலை பார்வையாளர்கள் வந்தபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

உடம்பு தேறியதும் குத்தம்பாக்கம் போய், பாம்பு கடித்த கீரைக்காரர் வீடு எது என்று கேட்டேன். "அவரு செத்துட்டாரேப்பா" என்று வழி காட்டினார்கள்.

அக்கா முதலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஜுரம் உட்டுச்சா நைனா?"

தலையாட்டினேன். "நீங்க சாப்ட்டீங்களாக்கா?" என்றேன்.

"ஒருத்திக்கு இன்னாத்த ஆக்குறது? டீயும் பன்னும். அத்தோட சரி."

அக்கா எழுந்து அரிசி களைந்தார். சோறு வெந்ததும் எனக்குத் தட்டு வைத்துப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் சோற்றில் கை வைக்கவில்லை. என்னைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இன்னொரு தட்டு எடுத்து வந்தார்.